உப்பும் கடனும் எழுப்பிய கோட்டை

போலந்தின் தென்பகுதியில், கிராக்கோவ் நகருக்கும் செஸ்டோஹோவா நகருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மேட்டுநிலம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். ஜுராசிக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்தவைதான் இன்று மரங்களுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன. மேட்டுநிலத்தின் மிக உயரமான குன்று சுமார் 515 மீட்டர். அதன் உச்சியில், போட்ஸாம்சே என்ற சிற்றூரை ஒட்டி, கூரையில்லாமல் நிற்கிறது ஒக்ரொஜெனெட்ஸ் கோட்டை.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் புரியும். குன்றின் மேல் இருந்த பாறைகளை அவர்கள் உடைத்துத் தள்ளவில்லை. ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் இடையிலிருந்த சந்துகளை மட்டும் கல் வைத்து அடைத்தார்கள். மதில் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லும் அதே சுண்ணாம்புக் கல், நிறமும் ஒன்றே. பாதி வேலையை இயற்கை முன்பே முடித்து வைத்திருந்தது.

இந்தக் கோட்டை எழுந்ததற்கு அரசியல் காரணம் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேற்கே இருந்த சிலேசியாவின் சிற்றரசர்கள் ஒருவர் பின் ஒருவராக பொஹீமிய மன்னருக்குக் கட்டுப்பட்டார்கள். தலைநகர் கிராக்கோவிலிருந்து எல்லை கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. 1333 முதல் 1370 வரை ஆண்ட மூன்றாம் காசிமிர் அந்த எல்லை நெடுகக் கல்கோட்டைகளை எழுப்பினார். பாறை உச்சிகளில் அமைந்ததால் அவற்றுக்குக் 'கழுகுக் கூடுகள்' என்று பெயர். ஒக்ரொஜெனெட்ஸ் அந்த வரிசையில் ஒன்று. சுலிமா குலச்சின்னம் தாங்கிய வ்லோடெக் குடும்பம் அதை நெடுங்காலம் வைத்திருந்தது. 1470இல் கோட்டை கைமாறியது. வாங்கியவர்கள் கிராக்கோவின் நகரவாசிகள். வாள் பிடித்தவர்களிடமிருந்து வணிகர்கள் கைக்கு அது போனதைக் கவனியுங்கள். இந்தக் கோட்டையின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1523இல் கோட்டையை வாங்கிய யான் போனர் ரைன் நதிப் பக்கத்திலிருந்து கிராக்கோவுக்குப் பிழைக்க வந்தவர். வணிகத்தில் பெரும்பணம் சேர்த்தார். பிறகு மன்னர் முதலாம் சிகிஸ்மண்டுக்கே கடன் கொடுக்கும் இடத்துக்கு உயர்ந்தார். விலிச்கா, போஹ்னியா உப்புச் சுரங்கங்களின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் உப்பு என்றால் பணம். இறைச்சியும் மீனும் குளிர்காலம் தாண்ட வேண்டுமென்றால் உப்பில்லாமல் முடியாது. காசிமிரின் காலத்தில் அரசு வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் சுரங்கங்களிலிருந்தே வந்தது. அப்படிப்பட்ட சுரங்கத்தின் சாவி ஒரு லேவாதேவிக்காரரிடம் இருந்தால், அவர் சொல்லுக்கு அரண்மனையில் என்ன எடை இருந்திருக்கும்!

யான் போனருக்குப் பிள்ளைகள் இல்லை. கோட்டையை வாங்கிய அதே ஆண்டில் அவர் இறந்துபோக, சொத்து முழுவதும் அண்ணன் தம்பி வழி மகன் செவெரின் போனருக்கு வந்தது. மன்னருக்குப் பணம் புரட்டித் தருவதோடு, கிராக்கோவின் வாவெல் அரண்மனையை மறுமலர்ச்சிப் பாணியில் புதுப்பிக்கும் வேலையையும் மேற்பார்த்தவர் அவர். இத்தாலியக் கைவினைஞர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். 1530க்கும் 1545க்கும் இடையில் ஒக்ரொஜெனெட்ஸில் தன் சொந்தக் கோட்டையையும் அதே பாணியில் மாற்றினார். இருண்ட இடைக்காலக் காவல்கோட்டை, முற்றமும் அகன்ற சாளரங்களும் கொண்ட அரண்மனையானது. வாவெலில் 'கோழிக்கால்' என்று ஒரு பகுதி உண்டு. இங்கேயும் அதே பெயரில் ஒன்று எழுந்தது. 'சின்ன வாவெல்' என்று மக்கள் சொன்னதில் மிகையில்லை. செவெரினுக்கும் அவர் மனைவிக்கும் நியூரம்பெர்க்கில் வார்த்த வெண்கலக் கல்லறைப் பலகைகள் கிராக்கோவின் புனித மரியாள் ஆலயத்தில் இன்றும் உள்ளன. கிராக்கோவ் போகிறவர்கள் அவற்றைப் பார்க்காமல் வரக் கூடாது.

பிறகு போனர் குடும்பத்துடனான திருமண உறவின் மூலம் கோட்டை யான் ஃபிர்லேயிடம் வந்தது. இவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கால்வினியப் புரொட்டஸ்டன்ட்; போலந்தின் பெரும் மார்ஷல். 1573இல் வார்சாவில் கூடிய பிரபுக்கள், மத வேறுபாட்டுக்காக ஒருவரையொருவர் இரத்தம் சிந்த வைப்பதில்லை என்று உடன்படிக்கை செய்தார்கள். பாரிசில் புரொட்டஸ்டன்ட்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தப் பாரிசிலிருந்துதான் புதிய மன்னராக வாலுவா வம்சத்து ஹென்றி வந்தார். 1574 பிப்ரவரியில் கிராக்கோவில் முடிசூட்டு விழா. உடன்படிக்கையைக் காப்பதாகச் சத்தியம் செய்ய ஹென்றி தயங்கியபோது, ஃபிர்லேய் விழாவின் நடுவே எழுந்து குறுக்கே நின்றார். சத்தியம் செய்யாவிட்டால் ஆட்சி இல்லை என்று மன்னரின் முகத்துக்கு நேரே சொன்னார். மன்னர் சத்தியம் செய்தார். சில மாதங்களில் பிரான்சுக்கே ஓடிப்போனார்; ஃபிர்லேயும் அதே ஆண்டில் காலமானார். வார்சா உடன்படிக்கையின் ஆவணம் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கிறது. ஒக்ரொஜெனெட்ஸுக்கு வருகிற பயணிகளிடம் பேய்க்கதைக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

பேய்க்கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய கறுப்பு நாய் மதில்களில் ஓடுமாம். அது 1669இல் கோட்டையை வாங்கிய ஸ்தனிஸ்வாஃப் வார்ஷித்ஸ்கியின் ஆவியாம். குடிகளையும் மனைவியையும் கொடுமைப்படுத்தியவர் என்று ஊர்க்கதை. வரலாற்றில் தெரியும் வார்ஷித்ஸ்கியோ கிராக்கோவின் காஸ்டெலன். செனட்டில் மதகுருமார் நீங்கலாக முதல் இருக்கைக்கு உரியவர். சுவீடன் படை நாட்டை விழுங்கியபோது மன்னர் பக்கம் நின்றவர். எரிந்து கிடந்த இந்தக் கோட்டையில் ஒரு பகுதியைப் பழுதுபார்த்தவரும் அவரே. நாய்க்கதை சுவையானதுதான். ஆனாலும் கோட்டையைக் கடைசியாகப் பெருஞ்செலவில் தூக்கி நிறுத்த முயன்ற மனிதரை அது நாயாக்கிவிட்டதில் எனக்கு வருத்தம்.

இனி அழிவு. 1587இல் போலந்தின் அரியணைக்குப் போட்டியிட்ட ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனின் படை கோட்டையைப் பிடித்தது. 1655இல் சுவீடன் படை புகுந்து தீ வைத்தது. 1702இல் பன்னிரண்டாம் சார்லஸின் சுவீடன் படை மறுபடி எரித்தது; பாதிக்கு மேல் போயிற்று. 'சுவீடன்காரர்கள் அழித்தார்கள்' என்பதோடு வழிகாட்டிகள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. 1655 தீக்குப் பிறகு எழுப்பப்பட்ட கோட்டை 1702க்குப் பிறகு ஏன் எழவில்லை? அப்போது வார்ஷித்ஸ்கி போன்ற கையும் மனமும் உள்ளவர் யாரும் வாய்க்கவில்லை. உப்புச் சுரங்கப் பணத்தில் எழுந்த மாளிகையை ஒரு சாதாரண ஜமீன் வருமானத்தில் பராமரிக்க முடியாது. பீரங்கியும் மாறிவிட்டது, உயர்ந்த மதில் பாதுகாப்பு என்ற காலம் போய்விட்டது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. இடிபாட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த கடைசி ஆட்களும் 1810ஐ ஒட்டி வெளியேறினார்கள். அதன் பிறகு வந்த உரிமையாளர் கோட்டையின் கல்லைக் கட்டுமானப் பொருளாகவே பயன்படுத்தினார். உள்ளே மிஞ்சியிருந்த தட்டுமுட்டுகளும் விலைக்குப் போயின. சுவீடன் தீ கூரையைத்தான் தின்றது. சுவரைத் தின்றது பணமின்மையும் கவனிப்பின்மையும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோட்டை அரசுடைமையானது. 1949 முதல் 1973 வரை பாதுகாப்புப் பணிகள் நடந்தன. சாய்ந்த சுவர்களை நிறுத்தினார்கள், உதிரும் கற்களை இறுக்கினார்கள், படிகள் அமைத்தார்கள். கூரை போடவில்லை, அறைகளைக் கற்பனையால் நிரப்பவில்லை. இதே மேட்டுநிலத்தில் பொபொலித்ஸே என்ற கோட்டை, 1999இல் தொடங்கிய வேலையில் ஏறக்குறைய புதிதாகவே கட்டியெழுப்பப்பட்டு 2011இல் திறக்கப்பட்டது. பளிச்சென்று இருக்கிறது, கூட்டமும் வருகிறது. ஆனால் அங்கே நாம் பார்ப்பதில் எது 14ஆம் நூற்றாண்டு, எது 21ஆம் நூற்றாண்டு என்று தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டும். ஒக்ரொஜெனெட்ஸில் அந்தக் குழப்பம் இல்லை. நிற்கிற சுவர் நின்ற சுவர், விழுந்தது விழுந்ததுதான். சினிமாக்காரர்களும் அதைத்தான் விரும்பியிருக்கிறார்கள்: ஆந்த்ரே வாய்தா 2002இல் வெளியான 'பழிவாங்கல்' படத்தை இங்கே எடுத்தார், 'தி விட்சர்' தொடரின் முதல் பருவத்துப் போர்க்காட்சியும் இந்த மதில்களில்தான் எடுக்கப்பட்டது.

கிராக்கோவுக்குச் சுற்றுலா போகும் தமிழர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். வாவெலையும் விலிச்கா உப்புச் சுரங்கத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த இரண்டையும் பார்த்த பிறகு இன்னொரு நாள் ஒதுக்கி ஒக்ரொஜெனெட்ஸுக்கும் போய் வாருங்கள். பக்கத்து ரயில் நிலையம் ஸாவியெர்ச்சே. அங்கிருந்து சாலை வழியே கோட்டைக்கு வந்துவிடலாம்.