செக் கையில் வந்தாச்சு, பணம் வந்தாச்சா?

இருக்கன்குடியில் இருந்துகிட்டு சாத்தூருக்கோ சிவகாசிக்கோ வேலைக்குப் போறீங்க. பழைய பைக்கை 60,000 ரூபாய்க்கு விக்கிறீங்கன்னு வைங்க. வாங்க வந்தவர் செக்கை நீட்டி, "வண்டியை இப்பவே எடுத்துக்கறேன்" என்கிறார். சாவியைக் கொடுக்கலாமா?

முதல்ல செக்கைப் பாருங்க.

1. வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. காகிதத்துக்குள்ளே ‘சிடிஎஸ் இந்தியா’ன்னு ஆங்கிலத்தில் வாட்டர்மார்க் தெரியணும்.

2. ஜெராக்ஸ் போட்ட செக்கில் ‘வாய்டு’ அல்லது ‘காப்பி’ன்னு எழுத்து எழும்பும். அது தெரிஞ்சா வாங்காதீங்க.

3. தேதியிலிருந்து 3 மாதம் வரைதான் செக் செல்லும். பெயர், தொகையில் அடித்தல் திருத்தல் இருந்தா, பக்கத்தில் கையெழுத்து போட்டிருந்தாலும் வேண்டாம்.

இதெல்லாம் சரியா இருந்தாலும், அது திருடின செக்கா இருக்கலாம். கையெழுத்து யாருடையதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால, "பாசிட்டிவ் பே பதிவு பண்ணுங்க"ன்னு கேளுங்க. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குக்கு 2021 ஜனவரி முதல் இந்த வசதி இருக்கு. செக்கின் நம்பர், தேதி, பெயர், தொகையைக் கணக்குக்காரர் தன் வங்கியில் முன்கூட்டியே சொல்லிடுவார். திருடினவரால் இதைச் சுலபமா செய்ய முடியாது.

"தவறுதலா 70,000 எழுதிட்டேன், மீதி 10,000-ஐ ஜிபே பண்ணுங்க" என்றால் உஷார்! செக் திரும்பினா அந்தப் பத்தாயிரமும் போச்சு.

செக் பாஸாகிப் பணம் கணக்கில் வந்ததை வங்கியில் உறுதி செய்த பிறகே சாவியும் ஆர்சி புக்கும். நிஜமா வாங்க வந்தவர் அதுவரை காத்திருப்பார்.