உங்களுக்குத் தெரியுமா? கடலோரத்துப் பாழ்கோட்டைகள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, வட கடலை ஒட்டிய அபர்டீன்ஷயர் கரையில்…

● ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே, சுமார் 50 மீட்டர் உயரப் பாறையின் மேல் நிற்கிறது டன்னாட்டர் கோட்டை. கரையோடு அதை இணைப்பது ஒரு குறுகலான நிலத்துண்டு மட்டுமே.

● 1651-ல், ஆலிவர் கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்தபோது, நாட்டின் மணிமுடி, செங்கோல், உடைவாள் மூன்றும் இங்கேதான் பதுக்கப்பட்டிருந்தன. பல மாத முற்றுகைக்குப் பின் 1652 மே மாதம் கோட்டை பணிந்தது. உள்ளே நுழைந்த வீரர்களுக்கு மிஞ்சியது ஏமாற்றம்தான்!

● மணிமுடியும் செங்கோலும் உடைவாளும் அதற்கு முன்பே கோட்டையிலிருந்து வெளியே கொண்டுபோகப்பட்ட விதம் பற்றி இரண்டு கதைகள் உண்டு. கின்னெஃப் ஊர்ப் போதகர் ஜேம்ஸ் கிரெய்ஞ்சரின் மனைவி கிறிஸ்டியன் மறைத்து எடுத்துவந்தார் என்பது ஒன்று. கயிற்றில் கீழே இறக்க, கடற்பாசி பொறுக்குபவள்போல் நின்ற பணிப்பெண் கூடையில் வாங்கிக்கொண்டாள் என்பது இன்னொன்று. எப்படியோ, 1660 வரை அவை கின்னெஃப் தேவாலயத் தரைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. இன்று எடின்பரோ கோட்டையில் பார்க்கலாம்.

● திருச்சபை விவகாரத்தில் அரசரின் அதிகாரத்தை ஏற்க மறுத்த 167 ஆண்களும் பெண்களும் 1685-ல் டன்னாட்டரின் நிலவறையில் அடைக்கப்பட்டனர்.

● மெல் கிப்சன் நடித்த ‘ஹாம்லெட்’ (1990) படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை.

● வடக்கே, குரூடன் பே அருகே ஸ்லெயின்ஸ் கோட்டை. இந்தக் கரைக்கு ஓய்வெடுக்க வந்துபோனவர் பிராம் ஸ்டோக்கர். கோட்டையின் எண்கோண அறையைப் போன்ற ஓர் அறை அவருடைய ‘டிராகுலா’ (1897) நாவலிலும் வருகிறது.