வட்டம் விடாது – 9: மையத்தைத் தேடாத நூல்

போன வாரம் வட்டவில்லின் நீளத்தோடு நிறுத்தினேன். மையக்கோணம் 360 பாகையில் எத்தனை பங்கோ, சுற்றளவில் அத்தனை பங்கு வில். விடாமல் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் வட்டக்கோணப்பகுதியின் பரப்பளவு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சின்னசேலம் ரயில் நிலையத்தில் கழித்த ஒரு சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டது.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில் இருக்கிறது சின்னசேலம். வடமேற்கே கல்வராயன் மலை. மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி வடகிழக்கே. அங்கே ரயிலைக் கொண்டுபோகத்தான் சின்னசேலம் – கள்ளக்குறிச்சி புதிய பாதைத் திட்டம். மாட்டுவண்டி முச்சந்தியில் வந்து நின்று சட்டென்று திரும்பிவிடும். ரயிலுக்கு அது முடியாது. ஒரு பெரிய வட்டத்தின் வில்லில் ஏறி, அதன் மேலேயே ஓடி இறங்கினால்தான் அதற்குத் திசை மாறும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் வில், இங்கே ஜல்லியும் இரும்புமாகக் கிடக்கிறது.

ரயில்வேக்காரர்கள் வளைவை டிகிரியில் சொல்வார்கள். 30.5 மீட்டர் நீளமுள்ள நாண் மையத்தில் ஒரு பாகைக் கோணத்தைத் தாங்கினால், அது ஒரு டிகிரி வளைவு. அதென்ன 30.5? அந்தக் காலத்தில் பாதை அளந்த 100 அடிச் சங்கிலிதான் மீட்டருக்கு மாறி இப்படி நிற்கிறது. ஒரு பாகைக்கு 30.5 என்றால் 360 பாகைக்கு 10,980 மீட்டர். இவ்வளவு சிறிய கோணத்தில் நாணும் வில்லும் ஒன்றுதான், வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை. அதை 2π-ஆல் வகுத்தால் ஆரம் 1,747 சொச்சம். ரயில்வே அதை 1,750 என்று வைத்துக்கொள்கிறது. இரண்டு டிகிரிக்கு அதில் பாதி, 875. அகலப்பாதையில் 10 டிகிரிக்கு மேல் வளைக்கக் கூடாது, அதாவது ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது.

1,750-ஐ 7 மீதியில்லாமல் வகுக்கும் என்பதைக் கவனித்தீர்களா? 22/7 போட்டால் ஒரு டிகிரி வளைவின் முழு வட்டம் சரியாக 11,000 மீட்டர். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு பாதை 60 பாகை திரும்ப வேண்டும், வளைவு இரண்டு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சூத்திரப்படி சுற்றளவு 5,500 மீட்டர், அதில் ஆறில் ஒரு பங்கு 916.67 மீட்டர். ரயில்வே வழியில் 60-ஐ 2-ஆல் வகுத்து 30.5-ஆல் பெருக்கினால் 915. பை என்ற எழுத்தே வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றேமுக்கால் மீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

இத்தோடு பரப்பளவுக்குப் போயிருப்பேன். நடைமேடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நோட்டில் வட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா, இந்த வளைவோட மையம் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டேன். "மையத்த யாரு தம்பி பார்த்தா? நூலப் புடிச்சி நடுவுல ஸ்கேல வெச்சா அதுவே சொல்லிடும்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். 20 மீட்டர் நூலின் இரண்டு முனைகளையும் வளைவின் வெளித் தண்டவாளத்தில், உட்பக்க விளிம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நூல் நேராக நிற்கும், தண்டவாளம் வளைந்து விலகும். நடுவில் அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். 50,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆரம் மீட்டரில் வந்துவிடும். 57 மில்லிமீட்டர் என்றால் 877, இரண்டு டிகிரி வளைவு. பத்துப் பத்து மீட்டர் நகர்ந்து அளந்துகொண்டே போவார்கள். அளவுகள் ஒன்றுபோல வந்தால் வளைவு நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் கூடி அடுத்த இடத்தில் குறைந்தால் பாதை நகர்ந்திருக்கிறது, அங்கே பெட்டி ஆடும். (நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஆரம் மெல்ல மெல்ல மாறும், அங்கே அளவும் படிப்படியாக ஏறும். நான் சொல்வது நடுவிலுள்ள வட்டப் பகுதியை.)

ஏன் சரியாக வருகிறது? மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமமாக்கும். அரை நாண் 10 மீட்டர். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால், 10-இன் வர்க்கம் என்பது இடைவெளியையும், விட்டத்தில் அந்த இடைவெளி போக மீதியையும் பெருக்கிய தொகை. இடைவெளி சிறிது என்பதால் மீதியை முழு விட்டம் என்றே கொள்ளலாம். ஆகவே ஆரம், 50-ஐ இடைவெளியால் வகுத்தது. மில்லிமீட்டருக்காக அந்த 50, 50,000 ஆகிறது.

ஒரு டிகிரி வளைவின் மையம் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மக்காச்சோளக் கொல்லையில் இருக்கலாம், ஏரிக்குள் இருக்கலாம், யார் வீட்டு அடுப்படியிலாவது இருக்கலாம். அங்கே போக வேண்டியதே இல்லை. நூலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குள் அது தெரிந்துவிடுகிறது.

நம் புத்தகக் கணக்குகளின் குறை எனக்கு இங்கேதான் உறைத்தது. 'ஆரம் 21 செ.மீ., மையக்கோணம் 120°, வில்லின் நீளம் காண்க.' ஆரம் எப்போதும் கையில் கொடுக்கப்படுகிறது. வெளியே, தண்டவாளத்திலோ உடைந்த பானை ஓட்டிலோ, முதலில் கிடைப்பது வில்தான். ஆரத்தை நாம்தான் தேட வேண்டும்.

கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மைதானத்தில் ஒரு முளை அடித்து, 7 மீட்டர் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் ஒரு வில் வரையுங்கள். முளையைப் பிடுங்கி, குழியை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கையில் 4 மீட்டர் நூலும் ஒரு ஸ்கேலும் போதும். நடு இடைவெளி ஏறக்குறைய 29 செ.மீ. வரும். நாணின் வர்க்கத்தை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் 6.9 மீட்டர். இங்கே இடைவெளி அத்தனை சிறிதில்லை என்பதால் அதில் பாதியையும் கூட்டச் சொல்லுங்கள், 7 மீட்டரும் நாலு சென்டிமீட்டரும் ஆகும். முளைக்குழி எங்கே இருந்தது என்று அவர்களே காட்டட்டும். தயவுசெய்து இதைத் தண்டவாளத்தில் இறங்கிச் செய்ய வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட எவ்வளவு நீளம் என்பது இன்னோர் அருமையான கணக்கு. அதன் விடையில் ஆரமே வராது. அதற்கும் பரப்பளவுக்கும் இந்த வாரம் இடமில்லை. வட்டக்கோணப்பகுதியின் பரப்பளவு வில்லையும் ஆரத்தையும் பெருக்கியதில் பாதி என்பதையும், காரிநாயனாரின் கணக்கதிகாரம் அரைச் சுற்றளவையும் அரை விட்டத்தையும் பெருக்கச் சொல்வதையும் அடுத்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்குள் உங்கள் பள்ளி மைதானத்தில் என்ன ஆரம் வந்தது என்று எழுதுங்கள்.