ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்

வயிறு தெரிய ஆரம்பித்ததும் முதலாளி அறைக்குக் கூப்பிடுவார். “இப்போதைக்கு ஒரு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, குழந்தை பிறந்ததும் வந்து சேர்ந்துக்கலாம்” என்பார். தனியார் பள்ளி ஆசிரியை, பனியன் கம்பெனித் தையல்காரர், ஜவுளிக்கடைப் பெண் என்று பலரும் சொல்வது இதே கதைதான். நம்பி எழுதிக் கொடுக்கிறார்கள். திரும்பிப் போனால் அந்த இடத்தில் வேறொருவர் இருக்கிறார். “நீயாத்தானே எழுதிக் குடுத்தே?” என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தின் உரிமைகள் இன்றைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன. தொழிற்சாலைகளுக்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை, நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “நீ பெர்மனென்ட் இல்லை” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

வாய்ச்சொல்லாக விடுப்புக் கேட்பதுதான் முதல் தவறு. ஒரு தாளில் எழுதுங்கள்: மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, எந்த நாளிலிருந்து விடுப்பு, பணத்தை உங்களிடம் தர வேண்டுமா வேறு யாரிடமாவது தர வேண்டுமா, விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யமாட்டேன் என்ற உறுதி. மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிரசவத்துக்கு முன் கொடுக்க முடியாமல் போனாலும் உரிமை போய்விடாது, பிறகு கொடுக்கலாம்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பணத்தை நிறுவனம் தராது, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்தான் தரும். பலர் இது தெரியாமல் மேலாளரிடமே அலைகிறார்கள். பணம் எங்கிருந்து வந்தாலும் வேலை உங்களுடையதுதான். விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம்.

திரும்பிச் சேரும் நாள்தான் ஆபத்தான நாள். வாசலிலேயே நிறுத்தி “அடுத்த வாரம் வாங்க” என்று அலைக்கழித்துவிட்டு, கடைசியில் “தானாகவே நின்றுவிட்டார்” என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். ஆகவே, சேரும் தேதியை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவியுங்கள். திருப்பி அனுப்பினால் அன்றைக்கே, ஆம், அன்றைக்கே, “இன்று வேலையில் சேர வந்தேன், அனுமதிக்கவில்லை” என்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக், அடையாள அட்டை, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? கடை, நிறுவனம் என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். “ஐயா இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்காங்க, அப்புறம் வாங்க” என்று கைக்குழந்தைக்காரியை நிற்க வைப்பது அங்கே சகஜம், வெட்கக்கேடான சகஜம். அசையாதீர்கள். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, வரவு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள். பணிநீக்க உத்தரவு கைக்கு வந்திருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தே பலருக்கு அந்த 60 நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

சேர்ந்த பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைகள் போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: ராஜினாமாவிலும் தேதி போடாத வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று உடனே எழுத்தில் அனுப்பிவிட்டு, நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.