“தாயும் சேயும் நலம்” என்ற பின்பு

ஒரு வீட்டிலே குழந்தை பிறந்துவிட்டால், உற்றார் உறவினர்க்கு முதலிற் செல்லும் செய்தி “தாயும் சேயும் நலம்” என்பதேயாகும். முன்னாளிலே தந்தி மூலம் சென்ற அம்மூன்று சொற்களும் இன்று கைத்தொலைபேசி வழியே கண்ணிமைக்கும் நேரத்திற் கடல் கடந்து விடுகின்றன. அச்செய்தியிலே தாய்தான் முதலிடத்தில் நிற்கின்றாள். ஆனால் மறுநாள் தொடக்கம் நடப்பது என்ன? பார்க்க வருவோர் யாவரும் தொட்டிலை நோக்கியே நடக்கின்றனர். குழந்தை யாரைப் போல் இருக்கின்றது, என்ன நிறை, பால் குடிக்கின்றதா என்றெல்லாம் விசாரிக்கின்றனர். பெற்றவளின் முகத்தைப் பார்த்து, “நீ உறங்கினாயா? உண்டாயா?” என்று கேட்போர் மிகச் சிலரே.

பிரசவம் என்பது ஒரு நாளோடு முடியும் காரியமன்று. பிள்ளை பிறந்த பின்னரான 6 வாரங்களையும், அதாவது 42 நாட்களையும், பேறுகாலத்தின் பகுதியாகவே வைத்தியர்கள் கணக்கிடுகின்றனர். நம் முன்னோரும் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயை வீட்டு வேலையிலிருந்து விலக்கி வைத்துப் பராமரித்தனர். அந்தப் பராமரிப்பைக் கொடுக்கப் பாட்டியும் சின்னம்மாவும் அக்காவும் அன்று ஒரே வளவில் இருந்தார்கள். இன்றோ ஒரு பிள்ளை கொழும்பில், ஒரு பிள்ளை கனடாவில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, முன்னர் தானாகக் கிடைத்த உதவியை இன்று நாம் அறிந்து திட்டமிட்டே கொடுக்கவேண்டியிருக்கின்றது.

பேற்று வேளையில் ஒரு துணை

நமது நாட்டிலே இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. இதனால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டுள்ளன. எனினும், வீட்டுப் பிரசவத்தில் இருந்த ஒரு நன்மை இடையிலே நழுவிப் போயிற்று. நோவெடுத்த வேளை முதல் பிள்ளை பிறக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பெண்துணையே அதுவாகும்.

1980ஆம் ஆண்டிலே குவாத்தமாலா நாட்டில் நடைபெற்ற ஆராய்ச்சி ஒன்றின் முடிவு வெளியிடப்பட்டது. தலைப்பிள்ளைக்காரிகள் சிலருக்கு, முன்பின் அறியாத ஒரு பெண்ணைத் துணையாக இருத்தினர். அவள் மருந்து கொடுக்கவில்லை. முதுகைத் தடவினாள், கையைப் பிடித்தாள், ஆறுதல் சொன்னாள். துணையின்றி இருந்தோருக்கு வைத்தியசாலையில் அனுமதித்ததிலிருந்து பிரசவம்வரை சராசரி 19 மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. துணை பெற்றோருக்கு 9 மணித்தியாலமும் செல்லவில்லை. 2017இல் 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய 26 ஆராய்ச்சிகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோதும், இடைவிடாத துணை பெற்றவர்களிடையே சத்திரசிகிச்சைப் பிரசவம் குறைவு என்றே கண்டனர். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றிலும் பிரசவ அறையில் ஒரு பெண்துணையை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. கிளினிக்குக்குச் செல்லும்போதே இதனைக் கேட்டறிந்து, யார் செல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தல் நன்று.

“பால் காணாது”

பிள்ளையுடன் வீடு வந்த பின்பு தாயைச் சோர்வடையச் செய்யும் சொல் ஒன்றுண்டு. அது “பால் காணாது” என்பதாகும்.

சில காலத்துக்கு முன்னர் எமது பழைய சிநேகிதி ஒருவரின் வீட்டுக்கு, பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்றிருந்தோம். மருமகள் ஓர் ஆசிரியை, தலைப்பிள்ளை, கணவர் வெளியூரில் உத்தியோகம். பிள்ளைக்கு நான்காம் நாள். முதல்நாள் இரவு முழுவதும் குழந்தை அழுதபடியே இருந்ததாம். “பிள்ளைக்குப் பால் காணாது போலக் கிடக்கு. ஒரு ரின் பால்மா எடுப்பிப்பம்” என்று சிநேகிதி சொன்னார். அவர் தீய மனத்தோடு சொன்னாரல்லர்; பேரப்பிள்ளை பசியோடு கிடக்கின்றதே என்ற பதற்றத்தினாலேயே சொன்னார். நாமும் தலையை அசைத்தோம். அதைக் கேட்ட இளந்தாய் ஒன்றும் பேசாமற் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவ்வேளையிலே அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து சேர்ந்தார். வந்தவர் முதலிற் குழந்தையைத் தூக்கவில்லை. கட்டிலருகில் அமர்ந்து, “தங்கச்சி, ராத்திரி நித்திரை கொண்டனீரோ? காலமை என்ன சாப்பிட்டனீர்?” என்று கேட்டார். நான்கு நாட்களாக அடக்கி வைத்திருந்த அழுகை அந்தக் கேள்வியிலே உடைந்தது. அவர் அவளை அழவிட்டார். தேநீர் கொண்டுவரச் சொன்னார். பின்னர் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்திப் பிள்ளையை மார்பிற் போடச் சொல்லிக் கவனித்தார். குழந்தை முலைக்காம்பின் நுனியை மாத்திரம் பற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. தாய்க்கு வேதனை, பிள்ளைக்குப் பால் வரவில்லை. வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, பிள்ளையின் உடலை முழுவதும் தாயின் பக்கம் திருப்பி அணைத்துக் கொடுக்கச் செய்தார். சிறிது நேரத்திற் குழந்தை விழுங்கும் ஒலி எமக்கும் கேட்டது.

புறப்படுமுன் அவர் எமது சிநேகிதியிடம், “அம்மா, பாலுக்குக் குறைவில்லை. பிள்ளைக்குச் சரியாய்ப் பிடிக்கத் தெரியேல்லை, தாய்க்கு ஓய்வில்லை. பால் குடிச்சு முடிய நீங்கள் பிள்ளையை வாங்கி வைச்சிருங்கோ, அவ ஒரு மணித்தியாலம் படுக்கட்டும்” என்றார். பால்மா வாங்கும் யோசனை அன்றோடு நின்றது.

வீடு திரும்பும் வழியிலே எமது மனம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. எமது தலைப்பிள்ளைக்கு மூன்றாம் மாதத்திலேயே போத்தல் கொடுத்துவிட்டோம். பால் வற்றிப்போயிற்று என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். எம் பக்கத்தில் வந்து அமர்ந்து அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க அன்று எவரும் இருக்கவில்லை.

பால் சுரக்கும் வகை

தாய்ப்பால் குடத்து நீரைப் போன்றதன்று. ஊற்று நீரைப் போன்றது. இறைக்க இறைக்கவே ஊறும். குழந்தை உறிஞ்சும்போது புரோலக்ரின் என்னும் சுரப்பு மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வெளிப்பட்டுப் பாலை உண்டாக்குகின்றது. இரவிலே இதன் அளவு கூடுதலாதலால் இரவுப்பால் கொடுத்தல் முக்கியமானது. ஒட்சிரோசின் என்னும் இன்னொரு சுரப்பு, உண்டான பாலை வெளியே தள்ளுகின்றது. நோவும் அச்சமும் கவலையும் இதனைத் தடைப்படுத்தக் கூடியவை. “உனக்குப் பால் இல்லை” என்று ஒரு தாயிடம் ஓயாமற் சொல்வது, உள்ள பாலையும் வரவிடாமற் செய்யும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் உணரவேண்டும். போத்தற்பால் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறையச் சுரப்பதும் குறையும்.

முதற் சில நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பால் ஒரு வேளைக்குத் தேக்கரண்டி அளவே இருக்கலாம். சிசுவின் சிறு வயிற்றுக்கு அது போதும். நோயெதிர்ப்புச் சத்துக்கள் அதிலே செறிந்துள்ளன. பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையிற் பால் பெருகும். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதற்பால் ஊட்டவேண்டும். பின்னர் நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குழந்தை பால் குடிக்கும். 5ஆம் நாளுக்குப் பின் ஒரு நாளில் 6 தடவையேனும் வெளிறிய நிறச் சிறுநீர் கழித்து, இரண்டு வாரமளவிற் பிறந்த நிறையை மீண்டும் எட்டிவிட்டால் பால் போதுமென்று துணியலாம். முதல் நாட்களிற் சிறிது நிறை குறைவது இயல்பே. 6 மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை. அதன்பின் ஏனைய உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

உண்மையாகவே பால் குறைவான தாய்மாரும், நோயினாலோ மருந்தினாலோ கொடுக்க இயலாத தாய்மாரும் சிலர் உளர். அவர்கள் வைத்தியரின் ஆலோசனைப்படி வேறு பால் கொடுப்பதில் எவ்விதக் குற்றமுமில்லை. அவர்களைக் குறைகூறுவது தாயைத் தண்டிப்பதாகவே முடியும்.

பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை இலங்கையில் 1983ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரமே அருந்தினர். நாம் பெருமைப்படத்தக்க நிலை இது.

பத்தியமும் பழக்கமும்

பழைய வழக்கம் என்பதற்காக ஒன்றை முற்றாகத் தள்ளவும் கூடாது. முற்றாகக் கொள்ளவும் கூடாது. மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக்கறியும், பால்சுறாவும், முருங்கையிலையும் சத்துள்ள உணவுகளே. வேலையிலிருந்து விலக்கி ஓய்வு கொடுத்தது மிக நல்ல வழக்கம். ஆனால் தண்ணீர் அருந்தாமல் தடுப்பதும், மரக்கறி, பழவகைகளை ஒதுக்குவதும், சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் பருக்குவதும் தீமையானவை. தொப்புள்கொடியில் எண்ணெயோ சாம்பலோ பூசலாகாது. அதனை உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்திருத்தலே போதும்.

கூடுதலான இரத்தப்போக்கு, காய்ச்சல், கெட்ட நாற்றம், கடுந்தலையிடி, கண் மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் வீக்கமும் நோவும், மார்பு சிவந்து கொதித்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் பத்தியத்தை நம்பி வீட்டில் இருத்தலாகாது. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மனத்தின் நோய்

உடலைப் போன்றே மனமும் இக்காலத்திற் சோர்வடையும். பிள்ளை பிறந்து 3ஆம் நாளளவிற் காரணமின்றி அழுகை வருவது தாய்மாரில் அரைவாசிக்கு மேற்பட்டோர்க்கு நேர்வது. பெரும்பாலும் பத்து நாளிலே தானாக மாறிவிடும். ஆனால் துக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பிள்ளை உறங்கும்போதும் உறக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி, “நான் நல்ல தாயல்ல” என்று புலம்புவாளாயின் அது நோயாகும். உலகளாவிய ரீதியிற் பத்துத் தாய்மாரில் ஒருவருக்கேனும் இது வருகின்றது. இதனைக் கண்டறிவதற்கென 1987இல் எடின்பரோவில் அமைக்கப்பட்ட 10 கேள்விகள் கொண்ட பத்திரத்தை நம் நாட்டுச் சுகாதார உத்தியோகத்தர்களும் பயன்படுத்துகின்றனர். இது சோம்பலுமன்று, பேய்க்குணமுமன்று. சிகிச்சையினால் மாறக்கூடிய நோய். தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டால், அவளைத் தனியே விடாது அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

வாசலுக்கு வரும் உதவி

கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் வழியே, பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் கிராமங்கள்தோறும் வீடுவீடாகச் செல்லும் சேவை வளர்ந்தது. 1930ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தனர். 2020ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறைய 30 ஆகும். வைத்தியசாலைகள், மருந்துகள், மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி ஆகியவற்றோடு, படலையைத் திறந்துகொண்டு வந்த அந்தப் பெண்களுக்கும் இதிலே பெரும் பங்குண்டு. பிரசவத்தின் பின் முதற் பத்து நாட்களுக்குள் இரு தடவையேனும் வீட்டுக்கு வருவது இன்றும் அவர்கள் கடமை. பிள்ளை பிறந்த செய்தியை அவருக்கு உடனே அறிவித்தல் நமது கடமை.

தந்தையும் தொழிலும்

பால் கொடுப்பதைத் தவிர ஏனைய யாவற்றையும் தந்தை செய்யலாம். துணி மாற்றுவது, ஏவறை விடச் செய்வது, குளிப்பாட்டுவது, இரவிற் பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுத்துத் திரும்ப வாங்குவது, வருவோரை முன்விறாந்தையோடு நிறுத்தி வைப்பது ஆகிய யாவும் அவருக்குரியவை. தூர இடத்தில் உழைப்பவரும், நாளுக்கொருமுறை பிள்ளையை விசாரிக்குமுன் மனைவியை விசாரிக்கலாமன்றோ?

தொழில் பார்க்கும் தாய்மார் தமது உரிமைகளை அறிந்திருத்தல் வேண்டும். 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்று 84 நாள் லீவு உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மூன்றாம் பிள்ளைக்கும் அதே அளவாகும். இச்சட்டத்துக்கு உட்பட்ட தாய்மாருக்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலைநேரத்தில் இருமுறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு. தோட்டத்துப் பிள்ளை மடுவம் போன்ற பராமரிப்பிடம் அருகே இருந்தால் அவ்விடைவேளை அரை மணித்தியாலம்; இல்லையாயின் ஒரு மணித்தியாலம்.

சகோதரிகளே! அடுத்த முறை ஒரு பேற்றுவீட்டுக்குச் செல்லும்போது, பிள்ளைக்குச் சட்டையோடு தாய்க்கு ஒரு வேளைச் சோறும் கறியும் கொண்டு செல்லுங்கள். தொட்டிலுக்குச் செல்லுமுன் கட்டிலருகே ஒரு கணம் நில்லுங்கள். “நித்திரை கொண்டாயா? சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். மறுமொழியைக் கேட்டு முடிக்கும்வரை இருங்கள். சென்ற மாதம் எமது சிநேகிதி வீட்டிலிருந்து செய்தி வந்தது. ஆறு மாதம் நிறைந்து குழந்தைக்குச் சோறு தீத்தியாயிற்றாம். தாயும் சேயும் நலம்.