மெல்லிய நூலும் பெரிய மீனும்

மாணவர்களே, முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மாணவன் ஒருவனின் தந்தையோடு தூத்துக்குடியிலிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போனேன். பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுப் பார்க்கும் ஆசை. கோல் கிடையாது. கையில் பிடிக்கும் நைலான் நரம்பு, நுனியில் ஓர் ஈயக்குண்டு, ஒரு முள், இரை. அவ்வளவுதான் கருவிகள்.

வெகுநேரம் கழித்து ஒரு பாறை மீன் இரையைக் கவ்விற்று. நானும் மளமளவென்று நரம்பை இழுத்து, மீனை வள்ளத்தின் அருகே கொண்டு வந்துவிட்டேன். வெள்ளி போல் பளபளக்கும் அதன் வயிறு கண்ணுக்குத் தெரிந்தது. நரம்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். மீன் வள்ளத்தைப் பார்த்ததோ என்னவோ, திரும்பி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ‘டப்’பென்று ஓர் ஓசை. என் விரலில் ஒரு சிவப்புக் கோடு மட்டுமே மிச்சம்.

படகுக்காரர் சிரிக்கவில்லை. “சார், அது ஓடுனா விடணும், நின்னா வாங்கணும். நீங்க ரெண்டையும் மாத்திச் செஞ்சிட்டீங்க” என்றார்.

தப்பிய மீன் ஐந்து கிலோ இருக்கும் என்பது அவர் கணிப்பு. மிஞ்சிய நரம்பை மறுநாள் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், நீரில் ஊறவைத்து, எடைக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 14 கிலோ வரை தாங்கிற்று! பதினான்கு கிலோ தாங்கும் நரம்பை ஐந்து கிலோ மீன் எப்படி அறுத்தது? இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி உறுத்தலாகவே இருந்தது. வாருங்கள், சேர்ந்தே விடை காண்போம்.

நீருக்குள் மீனின் எடை என்ன?

ஐந்து கிலோ என்பது தராசில் நிறுக்கும்போதுதான். மீனின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. ஆகவே மிதப்பு விசை அதன் எடையை ஏறக்குறைய முழுவதும் ஈடு செய்துவிடுகிறது. அமைதியாக நிற்கும் மீன் நரம்பை இழுப்பதே இல்லை எனலாம். அப்படியானால் நரம்பை அறுத்தது மீனின் எடை அன்று, அதன் வேகம்.

5 கிலோகிராம் நிறையுள்ள மீன் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 40 ஜூல். மீனைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் இந்த 40 ஜூலையும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை என்பது விசை பெருக்கல் தூரம் அல்லவா? தூரம் அதிகமானால் சிறிய விசை போதும். தூரம் குறைந்தால் விசை பெருத்தே தீரும். நம் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

நைலான் நரம்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு நீளக்கூடியது. அது ஒரு நீண்ட சுருள்வில் போலத்தான். நான் இறுக்கிப் பிடித்தபோது எனக்கும் மீனுக்கும் இடையே இருந்தது 2 மீட்டர் நரம்பு மட்டுமே. அது மிஞ்சிப்போனால் அரை மீட்டர் நீளும். அந்த அரை மீட்டருக்குள் 40 ஜூலையும் வாங்க வேண்டுமானால் சராசரி விசை 80 நியூட்டன். சுருள்வில்லில் விசை சுழியிலிருந்து படிப்படியாக ஏறுவதால், உச்ச விசை சராசரியைப் போல் இரு மடங்கு, அதாவது 160 நியூட்டன். இது 16 கிலோகிராம் எடைக்கும் சற்று அதிகம். என் நரம்பின் வலிமையோ 14. விடை கிடைத்துவிட்டது!

இதே பாய்ச்சல் 20 மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது நிகழ்ந்திருந்தால்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நரம்பு ஏறத்தாழ 1.7 மீட்டர் நீண்டு மீனை நிறுத்தியிருக்கும். உச்ச விசை 5 கிலோகிராம் எடையைக்கூட எட்டியிராது. மீன் தொலைவில் இருக்கும்போது நரம்பு பிழைத்துக்கொள்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் அறுகிறது. கடைசி நிமிடத்தில் தப்பும் மீன்களின் இரகசியம் இதுதான்.

நான் நரம்பை இறுக்காமல் விரல்களுக்கிடையே 5 மீட்டர் வழுக்க விட்டிருந்தால், 8 நியூட்டன் விசையே அந்த 40 ஜூலுக்குப் போதுமானது. மீன் வாலடித்து உந்தும் விசையையும் இதோடு கூட்ட வேண்டும் என்றாலும், நரம்புக்கு ஆபத்து இல்லை. படகுக்காரரின் ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர் உறை இருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. அது விரலைக் காக்கும் கவசம் மட்டுமன்று; அளவோடு உராயும் ஒரு தடைக்கருவி!

விரலுக்குப் பதில் ஓர் இயந்திரம்

விரல் செய்யும் இந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்த கதை சுவையானது. அது நடந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால், சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கேட்டலினா தீவு.

சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்ற இயற்கை ஆய்வாளர் 1898ஆம் ஆண்டு அங்கே சிறு படகில் சென்று, கோலும் ரீலும் கொண்டு 183 பவுண்டு, அதாவது 83 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சூரை மீனைப் பிடித்தார். போராட்டம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது. மீன் படகையே கடலில் இழுத்துக்கொண்டு அலைந்தது. அதே ஆண்டு அவர் அத்தீவின் ஏவலான் நகரில் டூனா கிளப் என்ற கழகத்தை நிறுவினார். பருமனான கயிற்றைப் போட்டு மீன்களைக் கணக்கின்றி இழுத்து வீணாக்கும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கழகத்தின் விதி, நூல் 24 இழைக்கு மேற்படக்கூடாது என்றது. அந்நாளில் நைலான் ஏது? ஆளிச் செடியின் நாரில் முறுக்கிய லினன் நூல்தான். ஓர் இழைக்கு 3 பவுண்டு என்பது கணக்கு. 24 இழைக்கு 72 பவுண்டு, அதாவது 33 கிலோகிராம். இந்த நூலைக் கொண்டு 83 கிலோ மீனைப் பிடிக்க வேண்டும்!

அக்காலத்து ரீலில் கைப்பிடி, நூல் சுற்றிய உருளையோடு நேராகப் பொருத்தப்பட்டிருந்தது. மீன் ஓடினால் உருளை சுழலும். கூடவே கைப்பிடியும் பம்பரமாகப் பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பதம் பார்க்கும். உருளையை நிறுத்த, அதன்மீது ஒரு தோல் துண்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சற்றுக் கூடுதலாக அழுத்தினால் நூல் அறும். குறைவாக அழுத்தினால் நூல் முழுவதும் போய்விடும்.

வில்லியம் பாஷன் என்ற கழக உறுப்பினர் இதற்கு ஒரு வழி யோசித்தார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ரீல் செய்துவந்த ஜூலியஸ் வாம் ஹோஃப் அதைச் செய்து கொடுத்தார். கைப்பிடியின் பல்சக்கரத்தை உலோக வட்டுகளுக்கும் தோல் வட்டுகளுக்கும் இடையே வைத்து, ஒரு திருகினால் அழுத்துவதே அந்த அமைப்பு. திருகின் தலை நட்சத்திர வடிவில் இருக்கும். அதை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு உராய்வு. மீனின் இழுப்பு அந்த உராய்வை விஞ்சும்போது வட்டுகள் வழுக்கும், நூல் வெளியேறும், கைப்பிடியோ அசையாது நிற்கும். இழுப்பு குறைந்ததும் வழுக்கல் தானாகவே நின்றுவிடும். 1913ஆம் ஆண்டு பாஷன் இத்தகைய ரீலைக் கொண்டு 350 பவுண்டுக்கும் அதிகமான ஒரு வாள்மீனைப் பிடித்தார். இன்று கடைகளில் விற்கும் கடல் ரீல்களிலும் இதே தத்துவம்தான். தோல் வட்டுக்குப் பதிலாக இப்போது கார்பன் இழை வட்டுகள் வந்துள்ளன.

வழுக்கும் விசையை நூலின் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 14 கிலோ நூலுக்கு 4 கிலோ. ஏன் இவ்வளவு குறைவு? நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று படித்திருக்கிறீர்கள். வட்டு வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நூலில் ஒரு வெட்டு இழுப்பு ஏற்படும். முடிச்சுப் போட்ட இடத்தில் நூலின் வலிமையும் குறையும். இவற்றுக்கெல்லாம் இடம் விட வேண்டாமா?

இறுக்குவதா, தளர்த்துவதா?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 4 கிலோவில் வழுக்கும்படி ரீலை வைத்துவிட்டீர்கள். மீன் ஓடிக்கொண்டே இருக்கிறது. உருளையில் நூல் பாதிக்கு மேல் போய்விட்டது. திருகை இறுக்குவீர்களா, தளர்த்துவீர்களா?

“இறுக்குவோம்” என்பதுதான் பெரும்பாலோரின் பதில். அப்படிச் செய்தவர்கள் மீனை இழந்தார்கள். காரணம் இதோ. உராய்வு வட்டுகள் நிர்ணயிப்பது விசையை அல்ல, திருப்புத்திறனை. திருப்புத்திறன் என்பது விசை பெருக்கல் ஆரம். உருளை நிறைய நூல் இருக்கும்போது ஆரம் 4 சென்டிமீட்டர் என்க. நூல் ஓடி ஆரம் 2 சென்டிமீட்டராகச் சுருங்கினால், அதே திருப்புத்திறனுக்கு விசை இரட்டிக்க வேண்டும். நீங்கள் தொடாமலேயே 4 கிலோ 8 கிலோவாகிவிட்டது! கடலில் கிடக்கும் நீண்ட நூலின்மீது நீரின் தடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தளர்த்துவதே சரி. மனம் பதறும் வேளையில் கணக்குதான் துணை.

இன்னொன்று. 4 கிலோ விசைக்கு எதிராக மீன் 150 மீட்டர் ஓடினால் அது செய்யும் வேலை ஏறத்தாழ 6000 ஜூல். இது முழுவதும் வட்டுகளில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் நீரை ஒன்றரை டிகிரிகூடச் சூடாக்காத வெப்பம்தான்; ஆனால் சில கிராம் எடையுள்ள தோல் வட்டுகளுக்கு அது பெரிது. மீனின் சக்தி எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், ரீலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்!

கோல் யாருக்கு உதவுகிறது?

தூண்டில் கோல் ஒரு நெம்புகோல். அதன் அடிமுனை இடுப்புக் கச்சையில் உள்ள குழியில் நிற்கிறது, அதுவே ஆதாரப்புள்ளி. நம் கை அங்கிருந்து 40 சென்டிமீட்டரில்; நூலோ 2 மீட்டர் தொலைவில் நுனியை இழுக்கிறது. நூலில் 4 கிலோ என்றால் நம் கைக்கு 20 கிலோ! ஆக, இந்த நெம்புகோல் மீனுக்கே சாதகமானது.

பிறகு எதற்குக் கோல்? அது வளைவதற்காக. வளையும் கோல், நூலோடு தொடராக இணைந்த இன்னொரு சுருள்வில். மீனின் வெட்டு இழுப்பை அது வாங்கிக்கொள்கிறது. மேலும் வளைய வளைய, ஆதாரப்புள்ளியிலிருந்து நூலின் செங்குத்துத் தூரம் குறைந்து, நம் கைப்பாரமும் குறைகிறது. வளையாத இரும்புத் தடி எவ்வளவு வலுவாக இருந்தாலும் தூண்டில் கோலாகாது.

சிறு படகும் இந்த ஏற்பாட்டில் ஓர் உறுப்பே. நூல் மீனை இழுக்கும் அதே விசையோடு படகையும் இழுக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆட்களோடு 300 கிலோகிராம் உள்ள படகை 40 நியூட்டன் விசை இழுத்தால், நீரின் தடையைக் கருதாவிட்டால், பத்து வினாடியில் அது நாம் நடக்கும் வேகத்தை அடையும். ஹோல்டரின் படகு மீன் பின்னால் போனதில் வியப்பில்லை. படகும் விட்டுக்கொடுத்தது, அதனால் நூல் பிழைத்தது.

நீங்களே செய்து பாருங்கள்

கடலுக்குப் போகாமலே இதைச் சோதிக்கலாம். தையல் நூலின் ஒரு முனையில் அரைக் கிலோ எடையைக் கட்டி மெல்லத் தூக்குங்கள், தூக்கிவிடலாம். அதையே மேசையில் வைத்து, நூலைத் தொய்யவிட்டு, வெடுக்கென்று இழுங்கள். பெரும்பாலும் நூல் அறும். இடையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டிவிட்டு மீண்டும் இழுங்கள். என்ன ஆகிறது?

அடுத்து, நூல் நிறைந்த நூற்கண்டு உருளையைப் பென்சிலில் கோத்து, இரு பக்கமும் அட்டை வட்டுகளை வைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். நூல் முனையைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்து, வழுக்கும்போது தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நூலை உருவிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். கூடியிருக்கிறதா?

கடலுக்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், அனுபவமுள்ள படகுக்காரரோடு, உயிர்காப்பு அங்கி அணிந்து போங்கள். அறுந்த நைலானைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். அது எளிதில் மக்காது.

அன்று மாலை எனக்கு இரண்டாவது மீன் கிடைத்தது. இம்முறை ஓடும்போது விட்டேன், நின்றபோது வாங்கினேன். வள்ளத்தருகே வந்து அது கடைசியாகப் பாய்ந்தபோது, கை தானாக இறுகப் பார்த்தது. விரல்களை வலிந்து திறந்தேன். நரம்பு சுடச்சுட வழுக்கிக்கொண்டு போயிற்று, பிறகு நின்றது. மெல்ல வாங்கினேன். மீன் வள்ளத்துக்குள் வந்து விழுந்தது. நாலு கிலோ இருக்கும்.

“இப்போ சரி சார்” என்றார் படகுக்காரர்.

உராய்வைப் பற்றி நான் பெற்ற நற்சான்றுகளில் அதுவே சிறந்தது.