தேனின் கூறும் குணமும்

தேனீயின் கைங்கரியம்

தேன் பூவிலேயே பக்குவமாக ஊறிக்கிடக்கிறதென்றும், அதை மொண்டு வந்து கூட்டில் சேர்ப்பதே தேனீயின் தொழிலென்றும் எண்ணுவோர் பலர். பூ கொடுப்பதோ பெரும்பாலும் தண்ணீராக உள்ள, சுக்ரோஸ் முதலிய சர்க்கரைகள் கரைந்த நீர்த்த ரசம். அதைத் தன் தேன்பையில் ஏந்திவரும் தேனீ, சுரப்பிகளில் ஊறும் நொதிகளைக் கலந்து கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களின் வாய்க்கு மாற்ற, அவை அதைத் திரும்பத் திரும்பக் கக்கியும் உறிஞ்சியும், சிறகை விசிறி ஜலத்தை வற்றச் செய்தும், பதம் வந்த பின்னரே அறையை மெழுகால் மூடுகின்றன. இதற்குள் சுக்ரோஸ் பிளவுண்டு குளுகோஸ், பிரக்டோஸ் என இரண்டு எளிய சர்க்கரைகளாகி விடுகிறது.

அமெரிக்க விவசாய இலாகாவினர் 490 மாதிரிகளைச் சோதித்து 1962-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சராசரித் தேனில் நூற்றுக்கு 38 பங்கு பிரக்டோஸ், 31 பங்கு குளுகோஸ், 17 பங்கு தண்ணீர், 7 பங்கு மால்டோஸ் வகை; எஞ்சிய சொற்பத்தில்தான் அமிலங்களும் தாதுக்களும் நொதிகளும் மணப்பொருள்களும் அடங்குகின்றன. வைட்டமின் வேண்டித் தேன் உண்பவர் ஒரு நெல்லிக்காயை உண்பது மேல்.

கெடாமைக்குக் காரணம்

இத்தனை சர்க்கரையிருந்தும் தேன் கெடாதிருப்பது மூன்று காரணங்களால். உள்ள சிறிதளவு ஜலத்தையும் சர்க்கரை தன்னோடு பிணைத்துக்கொள்வதால், அதில் விழும் கிருமிக்குப் பருக நீரில்லை என்பதோடு, கிருமியின் உடலிலுள்ள நீரும் வெளியே இழுக்கப்படுகிறது. இரண்டாவது, நாவுக்குத் தித்திப்பாகப் படும் தேன் ரசாயன ரீதியில் புளிப்புப் பொருளாகும். குளுகானிக் அமிலம் மிகுந்த அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 3.9.

மூன்றாவது காரணமே மிக விசித்திரமானது. 1937-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் டோல்ட் என்பவர், தேனில் கிருமிகளைத் தடுக்கும் ஏதோவொரு வஸ்து இருப்பதைக் கண்டு அதற்கு இன்ஹிபின் எனப் பெயரிட்டார். அது ஹைட்ரஜன் பெராக்சைடே என்று பின்னர் 1963-இல் ஒயிட் முதலானோர் நிறுவினர். தேனீ கலந்துவிட்ட நொதிகளில் ஒன்று குளுகோஸைச் சிதைத்து அதை உண்டாக்குகிறது. ஆனால் முதிர்ந்த தேனில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் அந்நொதி, தேன் சற்றே நீர்த்தவுடன்தான் விழித்தெழுகிறது. புண்ணின் கசிவு பட்ட இடத்தில் தேன் மருந்தாவதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுவே. எனினும் மருத்துவமனைகளில் புண்ணுக்கு இடுவது கிருமி நீக்கம் செய்த தனித்தேன். அடுக்களைப் புட்டியை அதற்குத் திறக்க வேண்டாம். இந்நொதி வெப்பத்துக்கு ஆற்றாதது, ஆகையால் தேனைக் கொதிக்கவைப்பவர் அதன் விசேஷ குணத்தை அடுப்பிலேயே இழக்கிறார்.

உறைதலும் புளித்தலும்

புட்டியின் அடியில் மணல்போல் உறைந்ததைக் கண்டதும் சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்களென்று கடைக்காரரோடு சண்டையிடுவது நியாயமன்று. குளுகோஸ் மிகுந்த சுத்தத் தேனும் உறையும்; கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தின் இலைக்காம்பு நுனியில் ஊறும் ரசத்திலிருந்து கிடைக்கும் தேன் அவ்வாறு எளிதில் உறைவதே. வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டுவிடுதல், தீக்குச்சியில் தடவிக் கொளுத்துதல், நாயை நக்கவிடுதல் முதலிய சோதனைகளால் கலப்படம் தெரியாது. நன்கு காய்ச்சிய பாகும் அவற்றில் தேறிவிடும். ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினாலோ, ஈஸ்டுகள் பெருகி நுரைத்துப் புளிக்கும். ஆதலால் ஈரக்கரண்டி ஆகாது.

எவர்க்கு ஆகாது

நீரிழிவுள்ளவர்க்குத் தேன் சர்க்கரையே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை உண்டு. உலக சுகாதார ஸ்தாபனமும் தேனைக் குறைத்துண்ண வேண்டிய சர்க்கரைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்கு இரவில் சிறிது கொடுப்பது இதம் தரும்.

ஒரு வயது நிறையாத சிசுவுக்கோ ஒரு துளியும் கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அன்பினால் செய்யப்படுவதாயினும், அது அபாயம். முன்சொன்ன மூன்று காரணங்களும் கிருமியைப் பெருகவிடாமல் தடுப்பனவேயன்றி, கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் மண்வாழ் கிருமியின் வித்துக்களை அழிப்பனவல்ல. வளர்ந்தவர் குடலில் முளைக்க இயலாத அவ்வித்து, பக்குவமடையாத சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளரச் செய்கிறது. இந்நோய் 1976-இல் கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டது. அதற்குத் தேனோடுள்ள தொடர்பு சில ஆண்டுகளுக்குள் தெளிவாயிற்று. வீட்டில் காய்ச்சும் சூட்டுக்கும் அவ்வித்து சாவதில்லையாகையால், காய்ச்சிக் கொடுக்கலாமென்ற சமாதானமும் செல்லாது. சிசுவுக்கு மலச்சிக்கல் நேர்ந்து, அழுகுரல் மெலிந்து, பால் குடிக்கும் வலுவும் கழுத்து நிற்கும் வலுவும் குன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தேன் கொடுத்திருந்தால், பாட்டி மனம் வருந்துவாரேயென்று மறைக்காமல், அதை முதலில் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.